பித்தளைக் குழல் வைத்த ‘1920 எச்எம்வி’: வாங்கலாமா?

புதுச்சாவி | 6 மே 2022, பகல் 1.10

பழம்பொருள் கடையில் ஒரு குழல் கிராமபோன் இருக்கிறது. எண்கோண மரப்பெட்டி, பளபளக்கும் பித்தளைக் குழல், முன்னால் எச்எம்வி கம்பெனியின் நாய் படம் போட்ட தகடு. ‘1920 ஒரிஜினல்’ என்கிறார் கடைக்காரர். 18,000 சொல்லி 14,000-க்கு இறங்கிவிட்டார். பாடுகிறது, சத்தமும் கணீரென்று வருகிறது. பக்கத்திலேயே சூட்கேஸ் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி கிராமபோன், 9,000. அது சுற்றவே இல்லை. எதை எடுக்கலாம்?

ஊசிமுனை | 6 மே 2022, பகல் 1.25

கறுப்புப் பெட்டி. காரணம் ராத்திரி எழுதுகிறேன். அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசிமுனை | 6 மே 2022, இரவு 10.40

குழல் பெட்டியை இப்படிப் பாருங்கள்.

முதலில் திருகுகள். தலையில் கூட்டல் குறி போட்ட திருகு ஒன்று இருந்தாலும் ‘1920’ அடிபட்டுப் போகிறது. அந்த வகைத் திருகு புழக்கத்துக்கு வந்ததே 1930-களின் நடுவில். பழைய எச்எம்வி இயந்திரங்களில் ஒற்றைக் கீறல் தலைதான் இருக்கும்.

அடுத்து பின்பக்கம். அசல் குழல் இயந்திரத்தில் பெட்டியின் முதுகில் கனமான வார்ப்பிரும்புத் தாங்கி உண்டு, குழலின் வளைவு அதற்குள் இறுக்கமாக உட்காரும். டோன் ஆர்ம் (ஒலியைக் குழலுக்குக் கொண்டுபோகும் உலோகக் கை) சவுண்ட் பாக்ஸ் (ஊசியைப் பிடித்து அதன் அதிர்வை ஒலியாக்கும் வட்டப் பெட்டி) பக்கம் ஒடுங்கியும் குழல் பக்கம் போகப் போக அகன்றும் இருக்கும். போலியில் இது ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே பருமன், சைக்கிள் ஹேண்டில்பாரை வளைத்து மாட்டியது போல. குழலின் கழுத்து வளைவும் தடித்து, பற்றவைத்த இடம் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, அந்த நாய்த் தகடு. அசல் பெட்டிகளில் பெரும்பாலும் மரத்தின் மேல் ஒட்டி எடுத்த படம்தான் இருக்கும், அதுவும் பாதி தேய்ந்து. பளிச்சென்ற பித்தளைத் தகட்டை நாலு ஆணி வைத்து அடித்திருந்தால் அது பட்டறை வேலை.

நான்காவதைக் கடைக்காரர் விடமாட்டார், ஆனாலும் கேளுங்கள்: இசைத்தட்டு சுழலும் மேசையைக் கழற்றி மோட்டாரைப் பார்க்க வேண்டும். உள்ளே பெரும்பாலும் ஒரு சூட்கேஸ் கிராமபோனின் மோட்டார் இருக்கும். பெட்டி புதிது, குழல் புதிது, தகடு புதிது. பழையது என்று உள்ளே இருப்பது அந்த மோட்டார் ஒன்றுதான், அதற்காக ஒரு கறுப்புப் பெட்டியை அறுத்திருக்கிறார்கள். இதனால்தான் நல்ல போர்ட்டபிள் (சூட்கேஸ் கிராமபோன்) கிடைப்பது வருடா வருடம் குறைகிறது. நீங்கள் குழலுக்குக் கொடுக்கும் 14,000 அடுத்த கறுப்புப் பெட்டியை உடைப்பதற்கான கூலி.

அரக்குத்தட்டு | 7 மே 2022, காலை 8.05

ஊசிமுனை கொஞ்சம் சூடாக எழுதியிருக்கிறார், விஷயம் சரி. ஒன்று சேர்க்கிறேன்: பித்தளைக் குழல் என்பதாலேயே போலி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்திலும் பித்தளைக் குழல் இருந்தது. வர்ணம் பூசிய தகரக் குழலும் மரக் குழலும் உண்டு. குழலின் உலோகத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, முதுகுத் தாங்கியையும் டோன் ஆர்மையும் வைத்துச் சொல்லலாம். உள்ளே புது மோட்டார் போட்ட போலிகளும் வருகின்றன. அவற்றில் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஒரு சீராகவே ஓடாது.

சத்தம் கணீரென்று வருகிறது என்கிறீர்கள். பெரிய குழலுக்கு அது சுலபம். தட்டின் நடுப்பகுதிக்கு ஊசி வரும்போது சவுண்ட் பாக்ஸின் முகம் பள்ளத்தின் ஓட்டத்தோடு நேர்கோட்டில் நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். போலிகளில் டோன் ஆர்மைக் கண்ணளவில் பொருத்துகிறார்கள். ஊசி பக்கவாட்டில் சாய்ந்து பள்ளத்தின் ஒரு சுவரை மட்டும் சீவிக்கொண்டே போகும். அழகுக்கு வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம், நல்ல தட்டை அதில் போடாதீர்கள்.

புதுச்சாவி | 7 மே 2022, மாலை 6.30

கூட்டல் குறித் திருகு ஆறு இருக்கிறது. :) குழலை விட்டுவிட்டேன். கறுப்புப் பெட்டியின் மூடிக்குள் எச்எம்வி 102 என்று இருக்கிறது. சுற்றவில்லையே, ஸ்பிரிங் அறுந்திருக்குமா?

ஊசிமுனை | 7 மே 2022, இரவு 9.15

102-ஆ! யோசிக்காமல் எடுங்கள். 1930-களின் தொடக்கத்திலிருந்து 1950-களின் இறுதி வரை வந்த மாடல், சாவி கொடுத்து ஓடும் போர்ட்டபிள்களில் இதற்கு மேல் ஒலி தருவது கிடைப்பது கஷ்டம். எடுப்பதற்கு முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை:

சாவியை மெதுவாகக் கொடுங்கள். இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. எவ்வளவு சுற்றியும் இறுகாமல் போனாலோ, ‘டொக்’ என்று உள்ளே நழுவினாலோ அறுந்திருக்கிறது, அல்லது முனைக் கொக்கி கழன்றிருக்கிறது. சாவியே சுற்ற மறுத்தால் ஏற்கெனவே முழுதாகச் சாவி கொடுத்துக் கிடக்கிறது என்று அர்த்தம், பலவந்தம் வேண்டாம்.

இறுகியும் ஓடவில்லை என்றால் பிரேக்கைப் பாருங்கள். 102-இல் பாட்டு முடிந்ததும் தானே நிற்கும் பிரேக் உண்டு. அதன் கட்டை உறைந்துபோய் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். ‘சுற்றாது’ என்று மலிவாக விற்பதில் கணிசமானவை பிரேக் பிடித்தவைதான்.

அதுவும் இல்லையென்றால் கிரீஸ் கெட்டித்துப் போயிருக்கும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கடைசியாக சவுண்ட் பாக்ஸ். பெரும்பாலும் அதன் மாடல் எண் 5ஏ அல்லது 5பி என்று பொறித்திருக்கும். தங்க முலாம் பூசிய புத்தம் புதுசு ஒன்று மாட்டியிருந்தால் அசலை யாரோ உருவிவிட்டார்கள் என்று அர்த்தம், விலையில் பாதியைக் குறையுங்கள்.

பழையபிளேட்டு | 7 மே 2022, இரவு 11.50

வேறு மாடல் பார்ப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. எச்எம்வி 101-இல் வரும் நம்பர் 4 சவுண்ட் பாக்ஸின் முதுகு துத்தநாக வார்ப்பு. உலோகத்தில் கலப்படம் இருந்தால் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து உப்பும், முடிக்கோடு மாதிரி வெடிப்பு விடும், டோன் ஆர்மைக் கவ்விக்கொள்ளும். அதைத் திருகிக் கழற்றப் பார்த்தால் கையோடு உதிரும். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலே அதன் ஆயுள் முடிந்தது என்று வைத்து விலை பேசுங்கள். பசை போட்டு ஒட்டியதையும் விற்கிறார்கள், டார்ச் அடித்துப் பாருங்கள்.

புதுச்சாவி | 14 மே 2022, காலை 11.00

வாங்கிவிட்டேன், 7,500. பிரேக்தான்! விடுவித்ததும் சுற்றுகிறது. ஆனால் பாதிப் பாட்டில் ‘தடக்’ என்று ஒரு அதிர்ச்சி, வேகம் ஒரு நொடி தடுமாறுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா?

ஊசிமுனை | 14 மே 2022, காலை 11.04

வேண்டாம்!!

ஊசிமுனை | 14 மே 2022, இரவு 10.20

தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் பிசினாகும், மார்கழியில் உறையும். நல்லெண்ணெயும் பிசினாகும். கவர்னருக்குத் தையல் மிஷின் ஆயில், ஸ்பிரிங்குக்கு கிராஃபைட் கலந்த கிரீஸ். இரண்டு போதும்.

அந்த ‘தடக்’ ஸ்பிரிங் டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. பழைய கிரீஸ் காய்ந்து களிமண்ணாகிவிட்டது. ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திடீரென்று விடுபடும்போதுதான் அந்தச் சத்தம். அப்படியே ஓட்டினால் ஒரு நாள் அந்த இடத்தில் அறும்.

செய்முறை:

பிரேக்கை விட்டு மேசை தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். நின்ற பிறகும் கையால் தள்ளிப் பாருங்கள், உந்துதல் மிச்சம் இருக்கக் கூடாது. சாவி ஏறியிருக்கும்போது கவர்னரைக் கழற்றவே கூடாது. பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். கழற்றினால் ஸ்பிரிங்கின் மொத்த விசையும் ஒரே மூச்சில் அவிழ்ந்து பற்சக்கரத்தின் பல்லைப் பெயர்த்துக்கொண்டு போகும், விரலையும் பதம் பார்க்கும்.

மோட்டாரைப் பலகையிலிருந்து எடுத்து, ஸ்பிரிங் டப்பாவைப் பிரித்து, மூடியைத் திறங்கள். ஸ்பிரிங் எந்தத் திசையில் சுருண்டிருக்கிறது என்று இந்த இடத்தில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலைகீழாக மாட்டினால் சாவி பிடிக்காது.

தோல் கையுறையும் கண்ணாடியும் அவசியம். டப்பாவைக் கோணிச் சாக்குக்குள் வைத்து, நடுச் சுற்றைக் குறடால் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக வெளியே விடுங்கள். மொத்தமாக இழுத்தால் துள்ளி வெளியே வரும்.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, துரு இருந்தால் நைஸ் எமரித் தாளால் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே விழும் கீறல்தான் பின்னால் வெடிப்பாகிறது. விரலால் வருடும்போது இடறும் இடம் இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போது வெளிமுனைத் துளையை டப்பாவின் கொக்கியில் கோத்து, கையால் சுற்றிச் சுற்றி உள்ளே அமுக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும். பாதி ஏறியதும் கொஞ்சம், முடிந்ததும் கொஞ்சம் கிரீஸ். மொத்தம் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போனால் கசிந்து கவர்னரில் வழியும்.

அரக்குத்தட்டு | 15 மே 2022, காலை 7.30

துண்டானால் உடனே புது ஸ்பிரிங் தேட வேண்டாம். உள்முனைப் பக்கம் சில சென்டிமீட்டருக்குள் அறுவதுதான் வழக்கம். அந்த முனையில் 3-4 செ.மீ. மட்டும் செம்மையாகச் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மெத்தென்று ஆனதும் நடுத்தண்டின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, துளை போட்டு, பேரிக்காய் வடிவத்துக்கு அரத்தால் ராவுங்கள். துளையின் ஓரத்தில் கூர்மூலை இருக்கவே கூடாது. ஓடும் நேரம் சற்றுக் குறையும், ஒரு பக்கப் பாட்டுக்குத் தாங்கும்.

புதிது வாங்குவதானால் வெர்னியர் வைத்து அகலமும் தடிமனும் அளந்துவிட்டு வாங்குங்கள். அகலம் அச்சாகப் பொருந்த வேண்டும். தடிமன் கூடினால் ‘நல்ல வலு’ என்று சந்தோஷப்பட வேண்டாம், சுற்று குறையும், பல் தேயும். டப்பாவுக்குள் நடுத்தண்டு போக மிச்சமிருக்கும் இடத்தில் ஏறக்குறைய பாதியை ஸ்பிரிங் அடைத்துக்கொண்டால் அளவு சரி. கடிகாரக்காரர்கள் கணக்கும் இதுதான்.

பழையபிளேட்டு | 15 மே 2022, பகல் 2.10

திருகு தொலைந்தால் கடையில் கிடைக்கும் 3 மி.மீ. திருகை முறுக்கி ஏற்றாதீர்கள். இவையெல்லாம் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன் அளவு) மரை. 6 பிஏ என்பது 2.8 மி.மீ., 4 பிஏ 3.6, 2 பிஏ 4.7. கண்ணுக்கு ஒன்று மாதிரி இருக்கும், மரை வேறு. முறுக்கினால் துளை போச்சு. பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் டப்பா டப்பாவாக பிஏ திருகு கிடக்கும், கேட்டால் எடைக்குப் போடுவார்கள்.

புதுச்சாவி | 29 மே 2022, இரவு 8.45

கிரீஸ் வேலை முடிந்தது, ‘தடக்’ போயே போச்சு. இப்போது கவர்னரிலிருந்து கிர்ர்ர் என்று ஒரு சத்தம். வேகமும் சரியா என்று தெரியவில்லை.

ஊசிமுனை | 29 மே 2022, இரவு 10.00

கவர்னரில் மூன்று குண்டு, மூன்று இலை ஸ்பிரிங். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும், தகடு ஒரு தோல் அல்லது ஃபெல்ட் துண்டில் உரசி வேகத்தைப் பிடிக்கும். கிர்ர் சத்தத்துக்குக் காரணம் நான்கு: உரசும் துண்டு காய்ந்திருக்கும் (ஒரு சொட்டு ஆயில்). தகடு தண்டின் மேல் வழுக்காமல் இழுபடும் (துடைத்துவிட்டு ஒரு சொட்டு). மூன்று இலைகளில் ஒன்று வளைந்திருக்கும். தண்டுக்கு நீளவாக்கில் ஆட்டம் அதிகமிருக்கும். கடைசிக் காரணத்துக்கு பேரிங்கைத் தளர்த்தி, விரல் நகத்தால் தள்ளினால் தெரிந்தும் தெரியாமலும் ஆடும் அளவுக்கு நகர்த்துங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் நின்றுபோகும்.

வேகத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, பாட்டை ஓடவிட்டு, 20 நொடியில் 26 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 78, வருகிறதா என்று எண்ணுங்கள். ஊசி தட்டின் மேல் இருக்கும்போதுதான் எண்ண வேண்டும். ஊசி இழுக்கும் இழுப்பில் வேகம் இறங்கும், சும்மா சுற்றவிட்டு எண்ணிய கணக்கு உதவாது.

பழையபிளேட்டு | 30 மே 2022, காலை 6.50

ஸ்ட்ரோப் தாள் (மினுங்கும் விளக்கில் அதன் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி) அச்சடிப்பவர்களுக்கு: நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு. விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது, நிமிடத்துக்கு 6000, 77-ஆல் வகுத்தால் 77.92 சுற்று. இணையத்தில் கிடைக்கும் 92 கோட்டுத் தாள் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கு உரியது. எல்இடி பல்பில் கோடு நிற்காமல் ஊர்ந்தால் மோட்டாரைத் திட்டாதீர்கள், பல எல்இடி மினுங்குவதே இல்லை. பழைய சோக் வைத்த டியூப்லைட் அல்லது டெஸ்டரில் வரும் சின்ன நியான் விளக்கு போதும்.

தட்டு எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்று என்றும் நினைக்க வேண்டாம். மின் பதிவு (மைக் வைத்துப் பதிவது) வருவதற்கு முன்பு, அதாவது 1925-க்கு முந்தைய குழல் பதிவுகளில் (குழலுக்குள் பாடிப் பதிந்தவை) 71 முதல் 82 வரை எதுவும் இருக்கும். ஆர்மோனியம் கேட்டால் அதன் சுருதியைப் பிடித்து வேகத்தைச் சரிசெய்யலாம். தனிக் குரல் என்றால் காதுதான் கணக்கு.

வட்டப்பாறை | 4 ஜூன் 2022, மாலை 5.15

ஊசி பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு ஊசி எத்தனை பாட்டு வரும்?

ஊசிமுனை | 4 ஜூன் 2022, மாலை 5.20

ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம்.

வட்டப்பாறை | 4 ஜூன் 2022, மாலை 5.22

இது ஊசிக் கம்பெனிக்காரர் கட்டிய கதை மாதிரி இருக்கிறதே.

அரக்குத்தட்டு | 4 ஜூன் 2022, இரவு 9.30

கதை இல்லை. தட்டில் அரக்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கல்மாவு, சுண்ணாம்பு மாதிரி நிரப்புப் பொருள், கறுப்புக்குக் கரி. ஊசியை முதல் சில சுற்றிலேயே தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவரட்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். எஃகு ஊசி தேய்வதற்காகவே பிறந்தது. ஒரு பக்கம் முடியும்போது முனையின் இரு பக்கமும் தட்டையாகி உளி மாதிரி ஆகிவிடும். அதோடு அடுத்த தட்டின் வெளிப் பள்ளத்தில் இறக்கினால் அதுதான் சீவுளி. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் நம்பிக்கை வரும்.

பல பக்கத்துக்கு வரும் என்று விற்கும் முலாம் பூசிய ஊசிகள் இருக்கின்றன. போடலாம், ஆனால் போட்ட ஊசியைக் கழற்றி மறுபடி மாட்டக் கூடாது. தட்டையான பக்கம் வேறு கோணத்தில் திரும்பிவிடும்.

200 ஊசி டப்பா 100 தட்டுக்கு இரு பக்கமும் வரும். தட்டின் விலையோடு ஒப்பிட்டால் ஊசி தூசு. பழைய டப்பாவில் துருப்பிடித்த ஊசியை மட்டும் ஆசைப்பட்டுப் போடாதீர்கள். புதிதாகச் செய்தவை இன்றும் விற்பனைக்கு வருகின்றன. சத்தம் அதிகம் வேண்டுமென்றால் தடித்த ‘லவுட்’, வீட்டுக்கு ‘மீடியம்’ அல்லது ‘சாஃப்ட்’. ஊசி தட்டின் மேல் ஏறக்குறைய 60 டிகிரியில் சாய்ந்து இறங்க வேண்டும்.

பழையபிளேட்டு | 5 ஜூன் 2022, காலை 9.00

மூங்கில் ஊசி போட்டால் தட்டு தேயாது என்று அடுத்ததாக யாராவது வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூங்கில் ஊசி முக்கோண வெட்டு, அதற்குத் துளையும் முக்கோணமாக இருக்க வேண்டும், நுனியைச் சீவத் தனிக் கத்தரி வேண்டும். புதுத் தட்டில் மெத்தென்று பாடும். ஏற்கெனவே எஃகால் அரைபட்ட தட்டில் பள்ளத்து மாவெல்லாம் மூங்கிலில் பதிந்து உப்புத்தாளாக மாறும். 5ஏ மாதிரி கனமான சவுண்ட் பாக்ஸில் பாடகர் மேல் ஸ்தாயிக்குப் போகும்போதே நுனி நசுங்கிவிடும்.

ஊசிமுனை | 5 ஜூன் 2022, காலை 9.40

ஒத்துக்கொள்கிறேன், பாதி. மைக்கா (அபிரகத் தகடு) வைத்த சவுண்ட் பாக்ஸும் குழல் பதிவுத் தட்டும் சேர்ந்தால் மூங்கிலுக்கு இடமுண்டு.

எது குழல் பதிவு, எது மின் பதிவு என்று லேபிளுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்எம்வி தட்டில் மேட்ரிக்ஸ் எண்ணுக்கு (பதிவு எண்) பின்னால் சின்ன முக்கோணம் இருந்தால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் மின் பதிவு முறை, சதுரம் இருந்தால் அதற்குப் பின் வந்த சொந்த முறை. கொலம்பியா கம்பெனித் தட்டில் அதே வரிசையில் வட்டத்துக்குள் டபிள்யூ, பிறகு வட்டத்துக்குள் சி. மின் பதிவுக்கு 5ஏ அல்லது 5பி, குழல் பதிவுக்கு மைக்கா. அடித்தொண்டைக் குரலும் மிருதங்கத்தின் தொப்பியும் (இடப் பக்கம்) 5ஏ-யில்தான் காதுக்கு எட்டும்.

புதுச்சாவி | 11 ஜூன் 2022, இரவு 7.20

உரத்த இடங்களில் சவுண்ட் பாக்ஸ் கரகரக்கிறது. பிரிக்கலாமா?

அரக்குத்தட்டு | 11 ஜூன் 2022, இரவு 8.00

5ஏ என்றால் பிரிக்காதீர்கள். ஊசித் தண்டு மிகச் சின்ன குண்டுகள் மேல் ஆடுகிறது, கீழே விழுந்தால் தரையில் தேட முடியாது. டோன் ஆர்மில் செருகும் இடத்து ரப்பரை மட்டும் பாருங்கள். கல்லாகியிருந்தால் அதை மாற்றினாலே பாதிக் கரகரப்பு போகும். முதலில் ஊசித் திருகை இறுக்கிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

மைக்கா வகையை வீட்டிலேயே பிரிக்கலாம். மைக்காவின் இரு புறமும் ரப்பர் குழாய் வளையம் இருக்கும், எண்பது தொண்ணூறு வருடத்தில் எலும்பாகியிருக்கும். அதே பருமனில் மெல்லிய மிருதுவான குழாய் வாங்கி, சுற்றளவுக்குச் சரியாக வெட்டி, இரு முனையும் முட்டும்படி வையுங்கள். இடைவெளி விழுந்தால் காற்றுக் கசிந்து ஒலி மெலியும். மூடியை இறுக்கும்போது எதிரெதிர்த் திருகாக, கால் திருப்பாக. மைக்கா நசுங்காமல் பிடிபட்டால் போதும். நடுத் திருகைச் சுற்றி ஒரு சொட்டுத் தேன்மெழுகை உருக்கி விடுங்கள், அங்கே கசிவு இருந்தால்தான் அந்தக் கரகரப்பு. கடைசியில் ஊசித் தண்டு மைக்காவைத் தள்ளவோ இழுக்கவோ செய்யாமல் நடுநிலையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

வட்டப்பாறை | 18 ஜூன் 2022, பகல் 12.30

பரண் மேலிருந்து நூறு தட்டு இறங்கியிருக்கிறது. எல்லாம் பூஞ்சை. சானிடைசர் போட்டு ஒன்றைத் துடைத்தேன், பளபளப்பு போய்த் துணியெல்லாம் கறுப்பு.

ஊசிமுனை | 18 ஜூன் 2022, பகல் 12.41

நிறுத்துங்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். மரத்துக்குப் பாலீஷ் போட அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்! சானிடைசர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அருகில் வரக் கூடாது.

ஊசிமுனை | 18 ஜூன் 2022, இரவு 9.50

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. நல்ல டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி, நிற்கவைத்து நிழலில் காயவிடுங்கள். ஊறப்போட வேண்டாம். கொலம்பியா தட்டுகளில் பல அடுக்கடுக்காகச் செய்தவை, விளிம்பில் வெடிப்பிருந்தால் நீர் உள்ளே போய் மேல் அடுக்கு உப்பிக்கொள்ளும். அவற்றுக்கு ஈரத் துணி மட்டும். பூஞ்சை பிடித்த பழைய காகித உறைகளை எரித்துவிட்டுப் புது உறை போடுங்கள், இல்லாவிட்டால் ஆடி மாத ஈரத்தில் திரும்ப வரும்.

பழையபிளேட்டு | 19 ஜூன் 2022, காலை 7.15

எரிக்கும் முன் உறையில் கடை முத்திரை இருந்தால் படம் எடுத்து வைத்துவிடுங்கள் சார். எந்த ஊரில் யார் விற்றார் என்பதற்கு அதைவிட வேறு ஆவணம் கிடைக்காது.

நூறு தட்டு என்றதும் வாய் ஊறுகிறது. எச்எம்வி மட்டும்தானா? ஓடியன், ட்வின் கம்பெனித் தட்டு ஏதாவது? ஓடியன் என்றால் ஏவி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் காலத்துத் தட்டாக இருக்கலாம். சினிமாவுக்குப் போகும் முன் அவர் கையிலிருந்த வியாபாரம் இசைத்தட்டு. பல தட்டுகளில் வரும் நாடக செட் இருந்தால் வரிசை எண்ணைச் சரிபாருங்கள், நடுவில் ஒரு தட்டு காணாமல் கதாநாயகன் திடீரென்று சிறையில் இருப்பார்.

வட்டப்பாறை | 19 ஜூன் 2022, மாலை 4.00

நாடகம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது தட்டு இல்லை! :(

கர்நாடகத் தட்டில் ஆலாபனை ஆரம்பித்ததும் பல்லவி, உடனே சரணம், முடிந்தது. ஏதாவது வெட்டியிருக்கிறார்களா?

அரக்குத்தட்டு | 19 ஜூன் 2022, இரவு 8.20

வெட்டவில்லை, பாடியதே அவ்வளவுதான். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம், 12 அங்குலத்தில் நாலரை நிமிடம் போல. அதற்குள் ராகத்தின் முகத்தைக் காட்டி முடிக்கத் தெரிந்தவர்கள்தான் தட்டில் புகழ் பெற்றார்கள். பழைய தட்டுகளில் முடிவில் பாடகி தன் பெயரைச் சொல்வதும் அலங்காரம் இல்லை. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவு செய்த காலத்தில் மூலத்தட்டு ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலில் போய்த்தான் அச்சாகி வந்தது. அங்கே யாருக்கு வங்காளியும் இந்துஸ்தானியும் தெரியும்? பெயர் ஒலியிலேயே இருந்தால் லேபிள் மாறாது. 1908-இல் கல்கத்தாவிலேயே அச்சுக்கூடம் வந்தது, பிறகு டம்டம்.

வட்டப்பாறை | 20 ஜூன் 2022, காலை 10.10

1960-கள் சினிமாத் தட்டுகளும் 78-இல் இருக்கின்றன. 102-இல் போடலாமா? எல்பி-யும் (வினைல் தட்டு) நாலு இருக்கிறது.

பழையபிளேட்டு | 20 ஜூன் 2022, பகல் 1.30

நம் நாட்டில் 78 வெகுகாலம் நீடித்தது. பீட்டில்ஸ் பாட்டே இங்கே 78-ஆக வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிக்காலத் தட்டுகள் லேசான பிக்கப் (ஊசியைத் தாங்கும் பகுதி) உள்ள மின் பிளேயருக்காக வெட்டியவை, ஒலி மட்டமும் அதிகம். எஃகு ஊசியில் ஓட்டினால் பள்ளம் சாம்பல் நிறமாகும், அது திரும்பி வராது. 1940-கள் வரைக்கும் உள்ளதை 102-க்கு வையுங்கள், மற்றதை மின் பிளேயரில் போடுங்கள்.

எல்பி-யை 102-இல் போடுவது கொலை. நூறு கிராமுக்கு மேல் கனமும் எஃகு முனையும், ஒரே தடவையில் உழுது முடித்துவிடும்.

ஊசிமுனை | 20 ஜூன் 2022, இரவு 10.30

மின் பிளேயர் என்றதும் எல்பி ஊசியோடு 78 போட்டு ‘ஒரே இரைச்சல்’ என்று எழுதுவார்கள். 78-இன் பள்ளம் அகலம். அதற்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். எல்பி முனை அதில் கால் பங்கு, பள்ளத்தின் அடியில் அழுக்கில் உட்கார்ந்து உருளும். ஆடியோ டெக்னிகா விஎம்95எஸ்பி, ஆர்ட்டோஃபோன் 2எம் 78 என்ற கார்ட்ரிட்ஜ்கள் (ஊசி மாட்டிய பிக்கப் தலை) இரண்டும் இதற்கென்றே வருபவை. கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோ என்றால் இரு சேனலையும் இணைத்து மோனோ ஆக்குங்கள். செங்குத்து அசைவின் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

அப்போதும் மூக்கடைத்த மாதிரி கேட்டால் ஃபோனோ ப்ரீஆம்ப் (பிளேயரின் ஒலியைப் பெருக்கும் கருவி) காரணம். அதிலுள்ள ஆர்ஐஏஏ வளைவு (அடி ஒலி, மேல் ஒலி அளவைத் திருத்தும் ஈக்வலைசேஷன்) எல்பி-க்கு உரியது: 500 ஹெர்ட்ஸில் அடி ஒலியைத் தூக்கத் தொடங்கி, 10,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 13.7 டெசிபல் குறைக்கும். 1930-களிலிருந்து எச்எம்வி, கொலம்பியா தட்டுகளுக்கு அடி ஒலியைத் தூக்கத் தொடங்குவது 250 ஹெர்ட்ஸில், மேல் ஒலியில் குறைப்பே தேவையில்லை. கணினியில் பதிவதானால் ஆடாசிட்டி மென்பொருளில் இந்த மாற்றத்தைச் செய்யலாம். 78 வேகம் இல்லாத பிளேயரில் 45-இல் ஓட்டி 1.733 மடங்கு வேகம் கூட்டினால் சுருதி கைக்கு வரும், ஆனால் ஈக்வலைசேஷன் இடம் பெயர்ந்துவிடும். முதலில் வளைவில்லாமல் பதிந்து, வேகம் கூட்டி, அதற்குப் பிறகு வளைவைப் போடுங்கள்.

வட்டப்பாறை | 2 ஜூலை 2022, மாலை 6.40

இரட்டிப்பாக இருக்கும் முப்பது தட்டைப் புதுச்சாவிக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். பார்சல் ஆபீஸில் ‘உடையும் பொருள்’ என்று எழுதினால் போதுமா?

பழையபிளேட்டு | 2 ஜூலை 2022, இரவு 7.05

எழுதினால் குறிபார்த்துப் போடுவார்கள். தட்டை உறையோடு வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் தட்டைவிடச் சற்றுப் பெரிய அட்டை. பத்துக்கு மேல் ஒரு கட்டாக்காதீர்கள். கட்டின் இரு முகத்திலும் தடித்த அட்டை இரண்டிரண்டு, நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக. உள்ளே எதுவும் நகராதபடி டேப் சுற்றுங்கள், ஆனால் இறுக்கி வளைக்காதீர்கள். அந்தக் கட்டை இன்னொரு பெட்டிக்குள் வைத்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கசக்கிய நாளிதழ் அடையுங்கள். வைக்கோல் வேண்டாம், ஈரம் பிடிக்கும். மூன்று கட்டு, மூன்று பெட்டி.

அரக்குத்தட்டு | 2 ஜூலை 2022, இரவு 9.15

பஸ்ஸில் அனுப்பினால் இன்ஜின் மேல் வைக்க விடாதீர்கள், வளைந்துவிடும். வளைந்து வந்தால் இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவில் வைத்து, வெயில்படும் இடத்தில் இரண்டு மணி நேரம், பிறகு எடுக்காமல் அப்படியே இரவு முழுக்க. ஒரே நாளில் நிமிராவிட்டால் மறுநாளும் அதே மாதிரி. மேலே கனம் ஏற்றி அவசரப்பட்டால் ‘படக்’.

புதுச்சாவி | 9 ஜூலை 2022, பகல் 3.20

மூன்று பெட்டியும் வந்தன. முப்பதில் இருபத்தொன்பது முழுசு, ஒன்றில் மட்டும் விளிம்பில் மயிரிழை வெடிப்பு, ஓடவிட்டால் டிக் டிக். நாடகத்தின் மூன்றாவது தட்டு என்னிடம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஊசி இரண்டு டப்பா ஆர்டர் போட்டாயிற்று.

ஊசிமுனை | 9 ஜூலை 2022, மாலை 4.00

வெடிப்புத் தட்டில் ஊசி வெடிப்பின் தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கத்துக்கு ஏறும்படி இருந்தால் துண்டு பெயரும். தட்டு சுற்றும் திசைக்கு எதிராக நகத்தால் தடவிப் பாருங்கள். இடறினால் 102-இல் போட வேண்டாம், லேசான பிக்கப்பில் ஒரு தடவை ஓட்டிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.